கடையில் வாங்கிய கோடு

சென்ற ஆண்டு அமெரிக்காவில் தங்கையின் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தபோது, பென்சில்வேனியா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் பழம்பொருள் கடையில், அலமாரி அடித்தட்டில் மடித்துக் கிடந்த ஒரு வெள்ளைப் போர்வையைக் கடைக்கார அம்மாள் எங்களுக்காக மேசையில் விரித்துக் காட்டினார். முப்பது சதுரத் துண்டுகளை ஒட்டித் தைத்த போர்வை அது. துண்டுக்கு ஒரு படமாக, கிளையில் அமர்ந்த ஆந்தை, தேநீர்க் கெண்டி, குடை பிடித்த சிறுமி, சப்பை மூக்கு நாய், அன்னம், குதிரை லாடம், ஜப்பானிய விசிறி என்று ஒன்றுக்கொன்று உறவே இல்லாத உருவங்கள், எல்லாம் ஒரே சிவப்பு நூலில், உள்ளே எதுவும் நிரப்பாமல் வெறும் வெளிக்கோடாகத் தைக்கப்பட்டிருந்தன. கீழ்மூலையில் 1889 என்று ஆண்டு மட்டும் இருந்தது, பெயர் இல்லை. அந்த அம்மாள் அதைக் குயில்ட் (பஞ்சு வைத்துத் தைத்த போர்வை) என்றே சொன்னார். ஆனால் புரட்டிப் பார்த்தால் நடுவில் பஞ்சு இல்லை, மூன்று அடுக்கைச் சேர்த்துப் பிடிக்கும் ஓட்டுத்தையலும் இல்லை. ரெட்வொர்க் என்று பெயர் பெற்ற இவ்வகைப் போர்வைகளில் பல இப்படித்தான் இருக்கும். இவை குளிருக்குப் போர்த்திக்கொள்வதற்காக அல்லாமல் கட்டிலின் மேல் அழகுக்கு விரிப்பதற்காகச் செய்யப்பட்டவை.

ஊருக்குத் திரும்பிய பிறகு, நெப்ராஸ்கா மாநிலம் லிங்கன் நகரில் உள்ள பன்னாட்டுக் குயில்ட் அருங்காட்சியகத்தின் இணையப் படத்தொகுப்பில் இவற்றைத் தேடித் தேடிப் பார்ப்பது எனக்கு இராத்திரி வேலையாகிவிட்டது. பார்க்கத் தொடங்கிய புதிதில் மனத்தில் ஓர் இளக்காரம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆந்தையும் கெண்டியும் ஒரு போர்வையில் மட்டும் இருக்கவில்லை. வெவ்வேறு மாநிலங்களில், வெவ்வேறு பெண்கள் தைத்த போர்வைகளில், அதே ஆந்தை அதே கோணத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கோடு கடையில் வாங்கியது. அச்சடித்த கோட்டின் மேல் ஊசி ஓட்டுவதில் என்ன கலை இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது.

கோடு எப்படி விற்பனைக்கு வந்தது என்பதைத் தெரிந்துகொண்டபோது அந்த எண்ணம் கொஞ்சம் தளர்ந்தது. 1876-இல் அமெரிக்கச் சுதந்திரத்தின் நூற்றாண்டை ஒட்டி ஃபிலடெல்ஃபியாவில் நடந்த கண்காட்சிக்கு ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் வந்து போனார்கள். 1872-இல் லண்டனில் தொடங்கப்பட்ட அரச பூத்தையல் பள்ளி அங்கே தன் வேலைப்பாடுகளைக் காட்சிக்கு வைத்தது. ஜப்பானிய அரங்கும் அங்கேதான் இருந்தது. வெளிக்கோட்டிலேயே ஓர் உருவத்தை முடித்துவிடலாம் என்ற எண்ணம் முதல் அரங்கிலிருந்தும், விசிறியும் கொக்கும் ஆந்தையும் இரண்டாவதிலிருந்தும் வீடுகளுக்குள் நுழைந்தன. பணக்கார வீடுகளில் பட்டும் வெல்வெட்டும் சேர்த்துக் கோணல்மாணலாக ஒட்டுப்போட்ட போர்வைகள் மோகமாக இருந்த காலம் அது. பட்டு வாங்க முடியாதவர்கள் அதே உருவங்களைப் பருத்தித் துணியில், பருத்தி நூலில் தைத்தார்கள். படம் அச்சிட்ட மஸ்லின் சதுரம் கடையில் ஒரு சென்ட்டுக்குக் கிடைத்தது. அமெரிக்கர்கள் ஒரு சென்ட் நாணயத்தைப் பென்னி என்பதால் அதற்குப் பென்னிச் சதுரம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதுவும் வேண்டாம் என்பவர்கள், துளையிட்ட காகித அச்சை வாங்கித் துணிமேல் வைத்துப் பொடியைத் தேய்த்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எட்டாம் வகுப்புத் தையல் பாடத்தில் நாங்கள் டிரேசிங் பேப்பரில் ஊசியால் குத்தி, மண்ணெண்ணெயில் குழைத்த நீலத்தைப் பஞ்சால் ஒற்றிக் கைக்குட்டையில் ரோஜா எடுத்தது வேறென்ன?

நிறம் ஏன் சிவப்பு என்பதற்கு விடை சலவைத் தொட்டியில் இருக்கிறது. வெள்ளைத் துணியில் தைத்த வண்ண நூல் முதல் சலவையிலேயே சாயம் விட்டுவிட்டால் முப்பது சதுரமும் பாழாகிவிடும். அந்தக் காலத்துப் பருத்திச் சாயங்களில் வெந்நீருக்கும் சோப்புக்கும் அசையாமல் நின்றது துருக்கிச் சிவப்பு. மஞ்சிட்டி இனத்து வேரிலிருந்து எடுக்கும் இந்தச் சிவப்பை நூலில் ஏற்ற, எண்ணெயில் ஊறவைத்து, சாணக் கரைசலில் தோய்த்து, படிகாரம் ஏற்றி, இரத்தமும் சேர்த்துச் சாயம் போட்டு, வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப ஊறவும் உலரவும் விட வேண்டியிருந்தது. இந்த வித்தை கீழைநாடுகளிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டில்தான் பிரான்சுக்கும், 1785 வாக்கில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்கும் போய்ச் சேர்ந்தது. நம் சோழமண்டலக் கரையில் சாயவேரைக் கொண்டு நெசவாளர்கள் ஏற்றிய சிவப்புக்கும், மதுரைச் சௌராஷ்டிரச் சாயக்காரர்களின் சிவப்புக்கும் இதற்கும் வேதியியலில் நெருங்கிய உறவு உண்டு. சாயவேரிலும் மஞ்சிட்டி இனத்து வேரிலும் இருப்பது அலிசரின் என்ற ஒரே பொருள். 1868-இல் கிரேபே, லீபர்மன் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் அதைச் செயற்கையாகச் செய்துவிட்டார்கள். வேருக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று ஆனதும் சிவப்பு நூல் மலிந்தது. ரெட்வொர்க் பெருகியதும் அதற்கடுத்த ஆண்டுகளில்தான். 1880-களில் வந்த மட்டமான நேர்ச்சாயச் (படிகாரம் போன்ற துணைப்பொருள் இல்லாமலே நேரடியாக ஏற்றும் சாயம்) சிவப்புகளை நம்பியவர்களின் போர்வைகள் இன்று ரோஸ் நிறமாக வெளுத்துக் கிடப்பதையும் தொகுப்புகளில் பார்க்கலாம்.

படங்களுக்கு வருகிறேன். தைத்தவர் வரையாத படம் தைத்தவரைப் பற்றி ஒன்றும் சொல்லாது என்று நினைத்திருந்தேன். ஆனால் அந்த வீட்டுக்குள் எந்தெந்த அச்சுப்பொருள் வந்தது என்பதை அது சொல்லிவிடுகிறது. குடைச் சிறுமியை எடுத்துக்கொள்ளுங்கள். மார்புக்குக் கீழேயே இடுப்பு வைத்துத் தைத்த நீளப் பாவாடைச் சட்டை, பெரிய தொப்பி. 1889-இல் எந்த அமெரிக்கக் குழந்தையும் பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போன உடையில்லை. அது கேட் கிரீனவே என்ற ஆங்கிலேய ஓவியர், தம் காலத்துக்கு இரண்டு தலைமுறை முந்தைய பாணியை நினைத்து வரைந்த உடை. அவருடைய முதல் படநூல் 1879-இல் வந்ததும் அந்தக் குழந்தைகள் தட்டிலும் பொத்தானிலும் துணியிலும் ஏறினார்கள். பெரும்பாலும் அவருடைய அனுமதி இல்லாமலே ஏற்றப்பட்டார்கள். இப்படிக் குழந்தைப் பாட்டுப் புத்தகம், விளம்பர அட்டை, பத்திரிகையின் இலவச இணைப்பு என்று வந்ததெல்லாம் துணிக்குப் போயிற்று. படம் போட்ட காகிதத்தைத் தூக்கியெறிய மனம் வராத அந்தக் காலத்தில் இந்தப் போர்வைகள் துணியாலான ஒட்டுப் புத்தகங்களாக இருந்திருக்கின்றன.

சில சதுரங்களில் செய்தியே ஏறியிருக்கிறது. 1901-இல் பஃபலோ நகரில் நடந்த பான்-அமெரிக்கக் கண்காட்சியை ஒட்டி, குடியரசுத் தலைவர் மெக்கின்லி, அவர் மனைவி, கண்காட்சிக் கட்டடங்கள், காட்டெருமை என்று பென்னிச் சதுரங்கள் வந்தன. செப்டம்பர் 6 அன்று அங்கே இசை மண்டபத்தில் மக்களோடு கைகுலுக்கிக்கொண்டிருந்தபோது மெக்கின்லி சுடப்பட்டார். 14-ஆம் தேதி இறந்தார். திருவிழா ஞாபகமாக வாங்கிய மண்டபத்தின் படத்தை ஒரு பெண் அக்டோபரில் எடுத்துத் தைத்திருந்தால், கோடு மாறாமலே அது இழவு வீட்டுப் படமாக ஆகியிருக்கும்.

தைப்பதில் பிழை நேரவும் இடம் இருக்கிறது. வலக்கைக்காரர்கள் இடமிருந்து வலமாகத் தைத்துக்கொண்டே போகும் இந்த வெளிக்கோட்டுத் தையலில், ஒவ்வொரு தையலும் முந்தியதின் பாதியிலிருந்து கிளம்பும். நூல் ஊசிக்குக் கீழே கிடந்தால் நாம் சொல்லும் காம்புத் தையல். கோடு கயிறு முறுக்கினாற்போல் எழும்பும். மேலே கிடந்தால் கோடு மழமழவென்று கம்பிபோல் படுத்துவிடும். பென்சில்வேனியாப் போர்வையில் ஆந்தையின் இடச்சிறகு பாதிவரை கம்பியாக வந்து, அங்கிருந்து கயிறாகிவிட்டது. அடுப்பைப் பார்த்து வர எழுந்தாரோ, அல்லது ஊசியை மகளிடம் கொடுத்தாரோ. குடைச் சிறுமியின் வாய் ஒரே ஒரு தையல். அது நூலிழை அகலம் கீழிறங்கிவிட்டதால் கிரீனவேயின் சாந்தமான குழந்தை அங்கே யாரோடோ சண்டை போட்டுவிட்டு வந்தவள்போல் நிற்கிறாள். 1900-களின் தொடக்கத்தில் முகமே தெரியாமல் தொப்பி மறைத்த சிறுமிகளின் படம் வந்தபோது தைப்பவர்கள் அதை அவ்வளவு ஆசையோடு வாங்கியதற்கு, முகம் தைக்கும் தொல்லை விட்டதே என்ற நிம்மதியும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

தேவாலயங்களுக்குப் பணம் திரட்டத் தைத்த பெயர்ப் போர்வைகளும் இதே சிவப்பில் உண்டு. பெயருக்குப் பத்து சென்ட் கொடுத்தவர்களின் பெயர்கள் சக்கரத்து ஆரம்போல் சுற்றி நிற்கும். வரலாறு தேடுபவர்களுக்கு அவை பொக்கிஷம். எனக்கென்னவோ பெயர் இல்லாத ஆந்தைதான் பிடிக்கிறது.

அந்தக் கடையில் எடுத்த புகைப்படங்களைப் போன வாரம் பெரிதாக்கிப் பார்த்தேன். கெண்டியின் மூக்கிலிருந்து ஆவி எழுவதற்கு அச்சில் மூன்று சுருள் கோடுகள் உண்டு; சாம்பல் மை இன்னும் மங்கலாகத் தெரிகிறது, ஆனால் அவற்றின் மேல் ஊசி ஏறிய துளை ஒன்றுகூட இல்லை. தைத்தவருக்கு ஆவி வேண்டியிருக்கவில்லை. ஆந்தையின் சதுரத்தில் இதற்கு நேர்மாறு. கிளைக்குக் கீழே, வலது ஓரத்தில், விரல்நுனி அளவுக்கு ஓர் எலி. நூல் தேய்ந்த இடங்களில் ஆந்தைக்கு அடியில் மை தெரிகிறது. எலிக்கு அடியில் எதுவும் இல்லை, உடம்பும் கொஞ்சம் உருளைக்கிழங்குபோல்தான் இருக்கிறது. அதன் வால் மட்டும் நீண்டு, இரண்டு சதுரங்களைச் சேர்க்கும் இறகுத் தையலைத் தாண்டி, பக்கத்துத் துண்டில் இருக்கும் அன்னத்தின் தண்ணீருக்குள் போய் முடிகிறது. அதாவது முப்பதையும் ஒன்றுசேர்த்து வேலை முழுவதும் முடிந்த பிறகுதான் யாரோ அந்த எலியைத் தைத்திருக்கிறார்.