கிரிஸ்டல் பேலஸ் டைனோசர்களுடன் ஒரு நாள்

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்ற பேச்சு எழுந்தபோது, நுழைவுக் கட்டணம் இல்லாத தெற்கு லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவையே தேர்ந்தெடுத்தோம். பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் வடித்து, 1854-இல் மக்கள் பார்வைக்கு வந்த அங்குள்ள டைனோசர் சிற்பங்கள், முழு எலும்புக்கூடு கிடைக்காத காலத்து ஊகங்கள் என்பதால், இகுவானோடான் என்ற டைனோசர் காண்டாமிருகம் போல மூக்கில் கொம்புடன் நிற்கிறது. அந்தக் கொம்பு உண்மையில் கட்டைவிரல் முள் என்பது, 1878-இல் பெல்ஜியத்தின் பெர்னிசார்ட் சுரங்கத்தில் எலும்புக்கூடுகள் கிடைத்த பிறகுதான் தெளிவாயிற்று. இதைக் கேட்ட மகள், தன் கட்டைவிரலை மூக்கின்மேல் நிறுத்திக்கொண்டே ஏரிக்கரை முழுவதும் நடந்தாள். சிற்பங்கள் தீவுகளில் இருப்பதால் தொட்டுப் பார்க்க முடியாது என்பதில் பிள்ளைகளுக்குச் சற்றே மனக்குறை. 1853-ஆம் ஆண்டின் கடைசி இரவில் இகுவானோடான் சிற்பத்தின் வார்ப்பு அச்சுக்குள்ளேயே அறிஞர்களுக்கு விருந்து வைத்தாராம் ஹாக்கின்ஸ். எங்களுக்கு வாய்த்தது மர பெஞ்சும் தயிர்சாதமும்தான்.