நிழலுக்குச் செண்பகம்: விதையிலிருந்து குடை விரியும் வரை

நிழலுக்கு மரம் என்றதும் வேம்பும் புங்கனும்தான் நினைவுக்கு வருகின்றன. செண்பகம் என்றால் பூவுக்காக வாசலோரம் வைக்கும் சின்ன மரம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளில் இதே செண்பகம் 100 அடி உயரம் நிற்கும். கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர் மக்கள் வழிபடும் ‘தொட்ட சம்பிகே’ (பெரிய செண்பகம்) மரத்தின் அடிப்பருமனை ஒருமுறை பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும். மக்னோலியா பேரினத்தில் நம் மலைகளில் இயல்பாக வளரும் பெருமரம் இது. சமவெளியில் அந்த உயரத்தை எதிர்பார்க்க முடியாது. ஆனால் ஆழமான மண்ணும் உப்பில்லாத தண்ணீரும் இருந்தால் முற்றத்துக்கே குடை பிடிக்கும் மரம் கிடைக்கும்.

பாதி வெற்றி கன்று வாங்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது. நர்சரிகளில் முன்னால் அடுக்கி வைத்திருப்பது பெரும்பாலும் ஒட்டுக் கன்று. ஓரிரு ஆண்டில் பூத்துவிடும், ஆனால் கீழேயே கிளைத்துப் புதராக நின்றுவிடும். பூ பறிக்க வசதி, நிழலுக்கு உதவாது. நிழல் வேண்டுமென்றால் விதைக் கன்றைக் கேட்டு வாங்க வேண்டும். பூக்க எட்டுப் பத்து ஆண்டுகூட ஆகலாம், ஆனால் நடுத்தண்டு நேராக மேலே போகும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் தண்டில் முடிச்சோ சிறு கோணலோ தெரிந்தால் அது ஒட்டு. பெயர்ச் சீட்டில் ‘மிச்சேலியா சம்பகா’ என்று இருந்தாலும் குழம்ப வேண்டாம், அது இதே மரத்தின் பழைய தாவரவியல் பெயர். வெள்ளைச் செண்பகம் என்று விற்கப்படுவது கலப்பினம். விதைக் கன்றாகக் கிடைக்காது.

விதையிலிருந்தே தொடங்குவதுதான் எனக்குப் பிடித்த வழி. ஆனால் விதை புதிதாக இருக்க வேண்டும். காய் வெடித்துச் சிவப்பு விதைகள் எட்டிப் பார்க்கும்போதே எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் பறவைகள் மிச்சம் வைக்காது. சிவப்புச் சதையோடு விதைத்தால் அதிலுள்ள எண்ணெய் சிக்குப் பிடித்துப் பூஞ்சணம் வரும், முளைப்பும் தடைபடும். ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, மணலோடு சேர்த்துக் கசக்கிக் கழுவினால் உள்ளே இருக்கும் கருப்பு விதை வெளிவரும். மிதப்பதைத் தள்ளிவிட்டு, மூழ்கியதை மட்டும் அன்றைக்கே விதைக்க வேண்டும். வெயிலில் காயவைத்தால் விதை செத்துவிடும். ஆற்று மணலும் மக்கிய இலையுரமும் சம அளவில் கலந்து, ஒரு செ.மீ. ஆழத்தில் ஊன்றி, நிழலில் வைத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விதைக்குள் கரு முழுதாக வளராத நிலையில்தான் இருக்கும் என்பதால் எல்லாம் ஒன்றாக முளைக்காது. ஒன்று மாதத்தில் வரும், பக்கத்து விதை மூன்று மாதம் எடுக்கும். முளைக்கவில்லை என்று தட்டைக் கொட்டிவிட வேண்டாம்.

கன்று 2 அடி உயரத்தில் இருக்கும்போதே நிலத்துக்குப் போய்விட வேண்டும். செண்பகத்தின் வேர் சதைப்பற்றானது, எளிதில் முறியும், முறிந்தால் ஆறத் தாமதமாகும். பெரிய பையில் 8 அடிக்கு வளர்ந்த கன்றை வாங்கி நடுவதில் லாபமில்லை. உள்ளே வேர் சுருண்டிருக்கும், நட்ட பிறகு இரண்டு ஆண்டு அப்படியே நிற்கும்.

குழி 3 அடி நீள அகலம், 2½ அடி ஆழம். எடுத்த மேல்மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு மக்கிய தொழுவுரம், அரைக் கிலோ வேப்பம் பிண்ணாக்கு. பச்சைச் சாணம் போட்டால் சூட்டில் வேர் வெந்துவிடும். களிமண் நிலமானால் குழியை நம்பாமல் தரைக்கு மேல் ஓரடி மேடு கட்டி அதில் நடுவது நல்லது. ஐப்பசி மழையில் குழிக்குள் இரண்டு மூன்று நாள் தண்ணீர் நின்றாலே வேர் அழுகும். அப்போது இலை வாடித் தொங்குவதைப் பார்த்து, தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுகிறார்கள். செண்பகக் கன்றுகள் அதிகம் சாவது இப்படித்தான். வாடினால் முதலில் ஒரு கம்பியை மண்ணில் ஆழமாக இறக்கிப் பாருங்கள். சேறு ஒட்டிக்கொண்டு வந்தால் தண்ணீரை நிறுத்த வேண்டும்.

வீட்டுச் சுவரிலிருந்து 20 அடியாவது தள்ளி நட வேண்டும். மேலே மின்கம்பி இருக்கக் கூடாது. காட்டில் இது பெரிய மரங்களின் நிழலில் முளைத்து எழுவது. ஆகவே முதல் இரண்டு கோடைக்கு மேற்குப் பக்கம் தென்னங்கீற்றுத் தட்டி தேவை.

மூடாக்குதான் இந்த மரத்துக்கு உயிர். காய்ந்த இலையை 4 அங்குல கனத்துக்கு, குடையின் விளிம்பு வரை பரப்பி, தண்டைச் சுற்றி மட்டும் ஒரு சாண் இடைவெளி விட வேண்டும். தண்டை ஒட்டிக் குவித்தால் பட்டை அழுகும். முதல் ஆண்டுக் கோடையில் மூன்று நாளுக்கு ஒருமுறை 20 லிட்டர் தண்ணீர், மெதுவாக இறங்கும்படி.

வளர்ச்சியைக் குறித்துவைக்க அடிக்கோலைவிட நல்ல வழி ஒன்று உண்டு. ஒவ்வோர் இலையும் விரியும்போது, அதை மூடியிருந்த மெல்லிய ரோமம் படர்ந்த உறை கழன்று விழும். விழுந்த இடத்தில் தண்டைச் சுற்றி மோதிரம் போல ஒரு தழும்பு நிற்கும். கொப்பைக் கையில் பிடித்துப் பார்த்தால் ஆண்டு முழுக்க வளர்ந்த விதம் தெரிந்துவிடும். மழைக்காலத்தில் மோதிரங்கள் எட்ட எட்ட இருக்கும், கோடையில் நெருங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மழைக்காலத்திலும் நெருங்கியே இருந்தால் வேரில் ஏதோ சிக்கல்.

இலை மஞ்சளாவதில் இரண்டு வகை. அடியிலுள்ள பழைய இலை முழுவதும் மஞ்சளாகி உதிர்வது பெரும்பாலும் வயதுதான். நுனித் தளிரில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி வெளுத்தும் இருந்தால் இரும்புச் சத்து இல்லை என்று பொருள். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில், கரிசலில் இது வந்தே தீரும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து மாலையில் இலை நனையத் தெளித்து, பதினைந்து நாள் கழித்து மறுபடி தெளித்தால் புதுத் தளிர் பச்சையாக வரும். ஆனால் இது தற்காலிகத் தீர்வு. மூடாக்கு மக்கி மண் இளகும் வரை ஆண்டுதோறும் தேவைப்படும். இலை ஓரம் கருகினால் போர் தண்ணீரின் உப்பைச் சந்தேகிக்க வேண்டும், அதற்குத் தெளிப்பு எதுவும் உதவாது.

தளிரைத் தின்னும் பச்சைப் புழுக்களை விட்டுவிடலாம். அவற்றில் பல பச்சைப் புள்ளி போட்ட அழகான பட்டாம்பூச்சிகளாக வெளிவரும், மரத்துக்குப் பெரிய சேதமில்லை. எறும்பு வரிசை ஏறினால் மட்டும் கவனிக்க வேண்டும்: மேலே மாவுப்பூச்சியோ செதில்பூச்சியோ இருக்கிறது. லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைக் கொஞ்சம் காதி சோப்போடு கலந்து இலையின் அடிப்பக்கம் அடிக்க வேண்டும்.

குடை உயரமாக அமைவது கவாத்தில் இருக்கிறது. நுனி இரண்டாகப் பிரிந்தால், பென்சில் கனத்தில் இருக்கும்போதே ஒன்றை எடுத்துவிட வேண்டும். வளரவிட்டால் காற்றில் அந்தக் கவட்டைதான் பிளக்கும். கீழ்க்கிளைகளை ஒரே மூச்சில் கழிக்காமல், விரல் கனத்தைத் தாண்டும் முன் ஆண்டுக்கு இரண்டு மூன்றாக எடுத்து, மரத்தின் உயரத்தில் மேல் மூன்றில் இரண்டு பங்கு இலையோடு இருக்கும்படி வைக்க வேண்டும். கிளை தண்டோடு சேரும் இடத்தில் தடித்த வளையம் இருக்கும். அதை விட்டு வெளியே வெட்டினால் காயம் மூடும். கை கனத்துக் கிளையை வெட்டினால் மூடுவதற்குள் உள்ளே உளுத்துவிடும்.

பூக்கத் தொடங்கியதும் வேறு தொல்லை வரும். பூ இலைக்கணுவில் இருப்பதால் தொரட்டி போட்டு இழுப்பவர்கள் கொப்போடு முறிக்கிறார்கள், அடுத்து வரவேண்டிய மொட்டும் அதோடு போகிறது. ஏணி வைத்து, காம்பை நகத்தால் கிள்ளி எடுக்கச் சொல்லுங்கள். மரத்தடியில் மண்வெட்டி போடுவதும் சிமென்ட் பூசுவதும் கூடாது, ஊட்டும் வேர்கள் மேல் மண்ணிலேயே பரவியிருக்கின்றன. உட்கார இடம் வேண்டுமென்றால் மூடாக்கின் மேல் கல் பெஞ்சு ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம்.