தில்லையில் சேர்ந்து நின்று கண்டது

தில்லை என்னும் சிதம்பரத்தில், நடராஜர் ஆடும் சிற்றம்பலத்தின் பொற்கூரையில் 21,600 ஓடுகள் என்பார்கள். மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சின் கணக்கு அது. நிமிஷத்துக்கு 15, மணிக்கு 900, ஒரு முழு நாளுக்கு 21,600. ஓடுகளைப் பிணைக்கும் 72,000 ஆணிகளும் உடம்பில் ஓடும் நாடிகள். உச்சியில் உள்ள 9 கலசங்கள் 9 சக்திகள், கூரையைத் தாங்கும் 64 கைமரங்கள் 64 கலைகள், முன்னால் உள்ள கனகசபையிலிருந்து மேலே ஏறும் 5 படிகள் 'சிவாயநம' என்னும் திருவைந்தெழுத்து.

கிழக்குக் கோபுரம் வழியாக உள்ளே வந்து, அந்தக் கூரையை அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர் தம்மோடு வந்த உறவினர்களுக்கு இந்தக் கணக்கை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கூரை மேல் ஏறி ஓடுகளை எண்ணியிருக்க மாட்டார். அவருக்குச் சொன்னவரும் எண்ணியிருக்க மாட்டார். ஆனால் மூச்சுக் கணக்கைக் கேட்டதும் அந்தக் கூட்டத்தில் ஓர் அம்மா தன்னையறியாமல் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அந்த நொடியில் கூரை அவருடைய உடம்பாகிவிட்டது. தில்லைக்கு வரும்போதெல்லாம் எனக்கு உறுதிப்படுவது இதுதான். ஒரு குறியீட்டைச் செய்து வைத்தவர்களோடு அது முடிந்துவிடுவதில்லை. அதன் முன்னால் சேர்ந்து நிற்கிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்துத்தான் அது உயிரோடு இருக்கிறது.

முற்பகலில் ஸ்படிக லிங்கத்துக்கு அபிஷேகம் முடிந்து ரத்தினசபாபதியை எடுத்தார்கள். மாணிக்கத்தில் செய்த சிறிய நடராஜர். முன்னால் கற்பூரம் காட்டும்போது கருஞ்சிவப்பாகத் தெரிந்த உருவம், பின்புறமாக ஆரத்தியைக் கொண்டுபோனதும் தணல் போல உள்ளிருந்தே ஒளிர்ந்தது. அதுவரை அங்கங்கே பேசிக்கொண்டிருந்த கூட்டம் ஒரே குரலில் "சிவ சிவ" என்றது. யாரும் சொல்லித் தரவில்லை. எந்த நொடியில் கை தலைக்கு மேல் போக வேண்டும் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அப்புறம் ரகசியம். சபாநாயகராகிய நடராஜருக்கு வலப்பக்கத்தில், வெளியே கறுப்பும் உள்ளே சிவப்புமாக ஒரு திரை. கறுப்பு மாயை என்றும் சிவப்பு ஞானம் என்றும் சொல்வது வழக்கம். திரை விலகினால் வெறும் வெளி. அதில் தங்க வில்வ மாலைகள் தொங்குகின்றன. ஆடும் மூர்த்தி உருவம், ஸ்படிக லிங்கம் அருவுருவம், இந்த வெளி அருவம். ஒரே இடத்தில் மூன்று படியாக இறைவனைக் காட்டுகிறார்கள். எனக்கு முன்னால் ஒரு பாட்டி, இடுப்பளவு உயரமுள்ள பேரனைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரை விலகியதும் பையன், "உள்ள யாரு ஆச்சி இருக்கா?" என்று கேட்டான். ஆச்சி பதில் சொல்லவில்லை. அவனுடைய இரண்டு கையையும் பிடித்துச் சேர்த்துத் தலைக்கு மேல் தூக்கினார். "கன்னத்துல போட்டுக்க கண்ணு" என்றார். போட்டுக்கொண்டான்.

அந்தப் பையனுக்கு, வெளியையே இறைவனாகக் காணும் ஆகாசத் தத்துவம் புரிந்திருக்காது. ஆனால் ஒன்றுமில்லாதது போலத் தெரியும் ஓர் இடத்துக்குக் கை கூப்பலாம் என்பது இனி அவன் கைகளுக்குத் தெரியும். விளக்கம் பிற்பாடு வரட்டும். பக்தியில் பெரும்பாலும் உடம்புதான் முதலில் கற்றுக்கொள்கிறது என்று நினைக்கிறேன்.

விளக்கமும் தமிழில் குறைவில்லாமல் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில், சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டாரின் மாணவரான திருவதிகை மனவாசகங்கடந்தார் எழுதிய உண்மை விளக்கம் என்னும் நூலில் நடராஜத் திருமேனி முழுவதும் ஐந்தொழிலாக வாசிக்கப்படுகிறது. "தோற்றம் துடியதனில், தோயும் திதி அமைப்பில், சாற்றியிடும் அங்கியிலே சங்காரம்" என்று அந்த வெண்பா தொடங்கும். உடுக்கையில் படைப்பு, அபயம் தரும் கையில் காத்தல், தீயில் அழித்தல், ஊன்றிய பாதத்தில் மறைத்தல், தூக்கிய பாதத்தில் அருளல். இன்னொரு பாட்டில் அதே உருவத்தை ஐந்தெழுத்தாகவும் காட்டுகிறார். உடுக்கைக் கை 'சி', வீசிய கை 'வ', அபயக் கை 'ய', தீ 'ந', காலடியில் கிடக்கும் முயலகன் 'ம'. ஏடு படிக்கத் தெரியாதவரும் சந்நிதியில் நின்று கண்ணால் வாசிக்கலாம். ஓர் உருவத்தை இத்தனை எளிதாக ஊருக்கே பொதுவாக்கிய கவிதையை நினைத்தால் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

இந்த உருவம் தானாகப் பரவிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 10ஆம் நூற்றாண்டில் சோழ அரசி செம்பியன் மாதேவியார் செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக எடுப்பித்தபோது, தெற்குச் சுவரின் மாடத்தில் ஆடவல்லானை வைத்தார். அவருடைய கணவர் கண்டராதித்த சோழர், தில்லை அம்பலத்தைத் திருவிசைப்பாவில் பாடியவர். கணவர் பாட்டாக வைத்ததை மனைவி கல்லில் வைத்தார் என்றுதான் எனக்குத் தோன்றும். சோழநாட்டில் ஊர் ஊராக மக்கள் பிரகாரம் சுற்றும்போது அந்த ஆடும் கோலம் கண்ணில் பட்டுப் பட்டுப் பழகியது. 2004இல் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் இந்தியாவின் அன்பளிப்பாக நடராஜர் சிலை நிறுவப்பட்டபோது, அணுவின் அசைவைத் தேடுகிறவர்களும் அதில் தங்களுக்கான பொருளைக் கண்டார்கள். வேறு பொருளாக இருக்கலாம். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

சந்நிதி முன்னால் நின்றபோது பக்கத்தில் இருந்தவர், "இங்கேருந்தே பெருமாளையும் சேவிச்சுக்குங்க" என்றார். இந்தப் பக்கம் ஆடும் கோலம், அந்தப் பக்கம் கோவிந்தராஜரின் கிடந்த கோலம். திருமங்கையாழ்வாரும் குலசேகராழ்வாரும் பாடிய தில்லைத் திருச்சித்திரகூடம் அது. கும்பிட்டேன்.

தில்லையில் நான் அதிகம் நினைத்துக்கொள்வது மாணிக்கவாசகரை. திருவாசகத்துக்குப் பொருள் சொல்லும்படி தில்லைவாழ் அந்தணர்கள் கேட்டார்கள். அவர் அவர்களை அழைத்துக்கொண்டு சிற்றம்பலத்துக்கு வந்தார், கூத்தனைக் காட்டினார், "இதன் பொருள் இவரே" என்றார், ஒளியில் கலந்துவிட்டார். சொல்லுக்கு இன்னொரு சொல்லால் பொருள் சொல்லிக்கொண்டே போகலாம், அதற்கு முடிவு கிடையாது. மாணிக்கவாசகர் பாட்டின் பொருளாக ஓர் உருவத்தைக் காட்டினார். இன்று நாமோ அந்த உருவத்தின் பொருளைத் தேடி அவர் பாட்டுக்குத்தான் போகிறோம். நான் "குனித்த புருவமும் கொவ்வைச் செவ்வாயில் குமிண்சிரிப்பும்" என்ற அப்பர் வரி இல்லாமல் அந்த முகத்தைப் பார்த்ததே இல்லை. சிறு வயதிலேயே அந்த வரி வந்து உட்கார்ந்துவிட்டது. அந்தச் சிரிப்பைச் சிற்பி வடித்தான், அப்பர் பெயர் வைத்தார், நான் பார்க்கிறேன். இதில் எது உருவம், எது இலக்கியம் என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

திருமுறை கண்ட வரலாறும் இதே ஊர்தான். ராஜராஜன் தேவார ஏடுகளைத் தேடியபோது, அவை தில்லையில் ஓர் அறைக்குள் இருப்பது நம்பியாண்டார் நம்பி வழியாகத் தெரியவந்தது. தேவாரம் பாடிய சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரின் கை அடையாளம் இட்ட அறை, அவர்களே வந்தால்தான் திறக்கும் என்றார்கள். மூவரும் மறைந்து பல தலைமுறை ஆகியிருந்தது. மன்னன் மூவரின் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து அறைக்கு முன்னால் கொண்டுவந்தான். கதவு திறந்தது. செல்லரித்தது போக மிஞ்சியதுதான் இன்று நாம் ஓதும் தேவாரம். செப்பும் கல்லும் மூவரே என்று அன்று எல்லோரும் ஒத்துக்கொண்டதால் நமக்குப் பதிகங்கள் கிடைத்தன. அந்த ஒப்புதலுக்கு நான் நன்றி சொல்லாத நாளில்லை.

சேர்ந்து நிற்பது என்று சொல்லும்போது நந்தனாரை விட்டுவிட முடியாது. ஆதனூரில் பிறந்த அவர், கோயில் பேரிகைகளுக்குப் போர்த்தும் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், அர்ச்சனைக்குக் கோரோசனையும் கொடுத்துவந்தார் என்று சேக்கிழார் சொல்கிறார். அவர் கொடுத்த தோல் உள்ளே ஒலித்தது. தீண்டத்தகாத குலம் என்று ஒதுக்கப்பட்ட அவர் வெளியே நின்றார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். தில்லையின் எல்லைக்கு வந்தும் நெருப்பில் மூழ்கித்தான் அவர் உள்ளே போனார் என்பதை என்னால் பக்திப் பெருமையாக மட்டும் சொல்லிவிட்டு நகர முடியவில்லை. பொதுவானது என்று நாம் சொல்லும் ஒன்றின் முன்னால் ஒருவரை நிற்க விடவில்லையென்றால், அது அவ்வளவுக்குக் குறைப்பட்டது. திருப்புன்கூரில் அவர் பார்ப்பதற்காக விலகிய நந்தி இன்றைக்கும் விலகித்தான் இருக்கிறது. அங்கே போகிற ஒவ்வொருவரும் முதலில் அந்த விலகலைத்தான் பார்க்கிறார்கள். கல்லாலேயே ஒரு பதில் அங்கே எழுதி வைத்தது போல இருக்கிறது.

இரவு அர்த்தசாமம் வரை இருந்தேன். எல்லாத் தலத்து மூர்த்திகளின் கலைகளும், அதாவது இறையாற்றலும், அந்த நேரத்தில் தில்லையில் வந்து ஒடுங்குவதாக நம்பிக்கை. சபையிலிருந்து சுவாமியின் பாதுகையைப் பல்லக்கில் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்கிறார்கள். வருவது பாதுகைதான். ஆனாலும் ஓரமாக உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து வழிவிட்டார்கள், ராஜா வருவது போல. கம்பனின் பரதன் அண்ணனின் பாதுகையைத் தலையில் வைத்து, "முடித்தலம் இவையென" சூடிக்கொண்டு போனான். அதை வைத்துத்தான் நந்தியம்பதியிலிருந்து பதினான்கு வருஷம் நாடாண்டான். அயோத்தி மக்களும் அதை ஏற்றார்கள். பரதன் அன்பு வைத்தான், ஊர் ஒப்புக்கொண்டது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அது வெறும் மரத்துண்டு.

ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரை இரண்டிலும் தில்லையில் மூலவரே தேரேறி வீதிக்கு வருகிறார். மற்ற தலங்களில் உற்சவர் வருவார். இங்கே கருவறைக் கூத்தனே படியிறங்கி வெயிலுக்கு வருகிறார். நந்தனாரை நினைத்துக்கொண்டு பார்க்கும்போது இந்த வழக்கம் எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது. வீதியில் நின்று வடம் பிடிக்கிறவருக்கும் கனகசபையில் நிற்கிறவருக்கும் அன்று ஒரே தரிசனம். தேர் ஒன்பதாம் நாள். அன்றிரவு சுவாமி ஆயிரங்கால் மண்டபமாகிய ராஜசபைக்கு எழுந்தருளுவார். சேக்கிழார் பெரியபுராணத்தை அரங்கேற்றிய அதே மண்டபம். அங்கே விடிவதற்கு முன் திருமஞ்சனம் நடந்து, பிறகு தரிசனம். போக நினைப்பவர்கள் தேருக்கு முதல் நாளே சிதம்பரம் போய்ச் சேர்ந்துவிடுங்கள். வரும் ஆனியில் வடம் பிடிக்கக் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு நானும் வருகிறேன்.