மூன்று மூலை சதுரம், ஒரு மூலை வட்டம்: ரோச்செஸ்டர் கோட்டை

லண்டனிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய கோட்டை எது என்று கேட்டால் எல்லோரும் வின்ட்சரைத்தான் சொல்வார்கள். அரண்மனையும் காவலர் அணிவகுப்பும் பார்க்க ஆசையென்றால் சரி, அங்கேயே போகலாம். ஒரு கோட்டையை எதற்காகக் கட்டினார்கள், எப்படி உடைத்தார்கள் என்று கல்லிலேயே பார்க்க வேண்டுமானால் கென்ட் பகுதியில் உள்ள ரோச்செஸ்டருக்கு வாருங்கள். செயின்ட் பாங்க்ரஸில் அதிவேக ரயில் ஏறினால் முக்கால் மணி நேரம்கூட ஆகாது.

டோவரிலிருந்து கேன்டர்பரி வழியாக லண்டன் போகும் பழைய ரோமானியச் சாலை, மெட்வே ஆற்றைக் கடக்கும் இடம் இது. பாலம் யார் கையில் இருக்கிறதோ சாலையும் அவர் கையில். அதனால்தான் பிரான்ஸிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள், வந்த சூட்டோடு இங்கே கோட்டை போட்டார்கள். 1080களில் குண்டல்ஃப் என்ற பிஷப் அதைக் கல்லில் எடுத்துக் கட்டினார். லண்டனின் வெள்ளைக் கோபுர வேலையை மேற்பார்த்தவரும் இவர்தான். ஜெபம் ஒரு பக்கம், கொத்து வேலை ஒரு பக்கம் என்று வாழ்ந்த மனிதர்.

இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் பெருங்கோபுரம் அவர் கட்டியதல்ல. 1127இல் மன்னர் முதலாம் ஹென்றி இந்தக் கோட்டையைக் கேன்டர்பரி பேராயர் வில்லியம் டி கோர்பெய்லிடம் ஒப்படைத்தார். அவர் எழுப்பியது இது. பக்கத்துக்கு 70 அடி, உயரம் 113 அடி, அடியில் சுவர் கனம் 12 அடி. உள்ளூர்க் கரடுமுரடான கென்ட் கல்தான் பெரும்பகுதி. ஓரங்களுக்கும் வளைவுகளுக்கும் மட்டும் பிரான்ஸின் கான் நகரத்திலிருந்து வெளிர்நிறக் கல்லைக் கப்பலில் கொண்டுவந்திருக்கிறார்கள். தரைமட்டத்தில் வாசல் கிடையாது. சுவரைச் சுற்றி வரும் படிகளில் ஏறி, முன்னால் ஒட்டி நிற்கும் தனிக் கட்டடத்துக்குள் நுழைந்து, அதன் வழியாகத்தான் கோபுரத்துக்குள் போக முடியும். எதிரியாக வந்திருந்தால் அந்தப் படிகளிலேயே நம் கதை முடிந்திருக்கும்.

உள்ளே போனதும் முதலில் உறைப்பது, தளங்களே இல்லை என்பது. மரத் தளங்களும் கூரையும் எப்போதோ போய்விட்டன. அடியிலிருந்து பார்த்தால் நேரே வானம். சுவரில் உத்தரம் செருகிய துளைகள் வரிசையாக இருக்கின்றன. தரையே இல்லாத உயரத்தில் ஒரு கணப்படுப்பு, வேலை நின்றுபோன வீடு மாதிரி வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. இரண்டாம் தளத்தில் பெரிய கூடம் இருந்திருக்கிறது. அதன் வளைவுகளில் உளியால் வெட்டிய, மேலும் கீழுமாக மடங்கும் கோணக் கோடுகளை இன்றும் பார்க்கலாம்; போருக்கான கட்டடத்தில் இவ்வளவு அலங்காரமா என்று தோன்றும். பேராயர் குடியிருக்கவும் விருந்து வைக்கவும் கட்டியதும்தானே.

கோபுரத்தை நடுவில் இரண்டாகப் பிரிக்கும் ஒரு குறுக்குச் சுவர் உண்டு. கிணறு அதற்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு தளத்திலும் ஒரு திறப்பு வைத்து, அங்கிருந்தே வாளி இறக்கித் தண்ணீர் இறைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் இந்தக் கட்டடத்திலேயே கெட்டிக்கார யோசனை இதுதான். அதன் அருமை 1215இல் தெரிந்தது.

அந்த ஆண்டு ஜூனில், மன்னரின் அதிகாரத்துக்கு எல்லை போட்ட மாக்னா கார்ட்டா சாசனத்துக்கு முத்திரை வைத்த ஜான் மன்னர், சில மாதங்களிலேயே பிரபுக்களோடு மறுபடி முட்டிக்கொண்டார். வில்லியம் டி ஆபினி தலைமையில் கலகக்காரர்கள் இந்தக் கோட்டைக்குள் புகுந்துகொண்டார்கள். அக்டோபரில் ஜான் வந்து முற்றுகையிட்டார். இரவும் பகலும் கடப்பாரைகள் அடித்து அனுப்பும்படி கேன்டர்பரிக்கு உத்தரவு போனது. கல்லெறியும் பொறிகள் ஓயாமல் எறிந்தும் கோபுரம் அசையவில்லை. அப்புறம் தென்கிழக்கு மூலைக்கு அடியில் சுரங்கம் தோண்டி, மேலே மண் சரியாதபடி மரக்கம்புகளை முட்டுக்கொடுத்தார்கள். நவம்பர் 25 அன்று தன் தலைமை அதிகாரி ஹியூபர்ட் டி பர்குக்கு மன்னர் கடிதம் எழுதினார்: தின்ன உதவாத, நன்றாகக் கொழுத்த 40 பன்றிகளை உடனே அனுப்பு. அந்தக் கொழுப்பில்தான் முட்டுக்கம்புகள் எரிந்தன. கம்புகள் சாம்பலானதும் மூலை அப்படியே உட்கார்ந்துவிட்டது.

அத்தோடு உள்ளே இருந்தவர்கள் கைதூக்கிவிடவில்லை. குறுக்குச் சுவருக்குப் பின்னால் ஒதுங்கி, மிச்சமிருந்த பாதிக் கோபுரத்தை வைத்துக்கொண்டு சண்டையைத் தொடர்ந்தார்கள். சாப்பிடக் குதிரைக் கறியும் குடிக்கத் தண்ணீரும்தான். வெளியே பன்றியை விறகாக எரித்துக்கொண்டிருக்க, உள்ளே விலையுயர்ந்த போர்க்குதிரைகளைத் தின்றுகொண்டிருந்தார்கள். நவம்பர் 30 அன்று, பசி தாங்காமல் சரணடைந்தார்கள். எல்லோரையும் தூக்கிலிடத் துடித்த ஜானை அவருடைய தளபதிகளில் ஒருவரே தடுத்தார்: இன்று நாம் தூக்கிலிட்டால் நாளை நம் ஆட்கள் பிடிபடும்போது அவர்களும் அதையே செய்வார்கள் என்று. கடைசியில் தூக்கிலிடப்பட்டது ஒரே ஒரு வில்வீரன். சிறு வயதிலிருந்து மன்னரே வளர்த்த பையன் என்கிறது அந்தக் காலத்துக் குறிப்பு ஒன்று.

இவ்வளவு பாடுபட்டுப் பிடித்த கோட்டையை 1216இலேயே கலகக்காரப் பிரபுக்கள் அழைத்துவந்த பிரெஞ்சு இளவரசர் லூயி பிடித்துக்கொண்டார். அக்டோபரில் ஜானும் இறந்துபோனார். அப்பா இடித்த மூலையை மகன் மூன்றாம் ஹென்றியின் ஆட்சியில் கட்டினார்கள். அதை நீங்கள் அவசியம் வெளியே நின்று பார்க்க வேண்டும். மற்ற மூன்று மூலைகளும் சதுரம், இது மட்டும் உருண்டை. முனை இருந்தால்தானே அதன் அடியைக் குடைந்து சரிக்க வசதி! பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடம் ஒட்டுப்போட்டதுபோல் தனியாகத் தெரிகிறது. முகப்பில் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள் கண்ணில் இது படாது; கொஞ்சம் சுற்றி நடக்க வேண்டும்.

1264இல், மூன்றாம் ஹென்றியை எதிர்த்த பிரபுக்களின் தலைவர் சைமன் டி மோன்ஃபோர்ட்டின் படை மறுபடி வந்து முற்றுகையிட்டது. வெளிக்கோட்டை சட்டென்று விழுந்துவிட்டது, கோபுரம் விழவில்லை. ஒரு வாரத்தில் மன்னரின் படை வருகிறது என்ற செய்தி கேட்டு முற்றுகையைக் கைவிட்டுப் போய்விட்டார்கள்.

மூட்டுவலி உள்ளவர்கள் சுழல்படியில் நிதானமாக ஏறுங்கள். படிகள் குறுகல், வெளிச்சமும் குறைவு. உச்சியில் மெட்வே காற்று ஆளைத் தள்ளும், தொப்பியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் ஆறும் பாலமும், இன்னொரு பக்கம் காலடியிலேயே 604இல் தொடங்கிய தேவாலயம். இறங்கி வந்தபின் அதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.