அடை வைப்பதில் எங்கே கோட்டை விடுகிறோம்?

நாலு பெட்டையும் ஒரு சேவலும் புறக்கடையில் நின்றால் முட்டைக்கும் கறிக்கும் கடைக்குப் போக வேண்டாம் என்பார்கள். நாட்டுக்கோழி வருஷத்துக்கு 60, 80 முட்டை இடும்தான். ஆனால் அதில் எத்தனை குஞ்சாகி இரண்டு மாதத்தைத் தாண்டுகிறது? அதுதான் கணக்கு.

அடை என்பது குஞ்சு பொரிக்க முட்டைகளைக் கோழிக்கு அடியில் வைப்பது. அதற்கு ஒரு வாரத்துக்குள் இட்ட முட்டை வேண்டும். கோடையில் நாலைந்து நாளைக்கு மேல் ஆனதைத் தொடாதீர்கள். ஃபிரிட்ஜில் இருந்தது ஆகாது. சேர்க்கும்போது கூர்முனை கீழே. கழுவவே கூடாது: ஓட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சு போனால் கிருமி உள்ளே இறங்கிவிடும். எச்சம் ஒட்டியதைக் குழம்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கோழிக்கு 10, மிஞ்சினால் 12. ஆசைப்பட்டு 15 வைத்தால் மூன்றுதானே கெடும் என்று நினைப்பது தப்பு. கோழி முட்டையைப் புரட்டிப் புரட்டி இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். இன்றைக்கு ஓரத்தில் கிடந்து ஆறியது நாளைக்கு நடுவே போகும், நடுவில் இருந்தது ஓரத்துக்கு வந்து ஆறும். மொத்த அடையும் வீணாகலாம். கூடையில் மணல், மேலே வைக்கோல், இடையில் கொஞ்சம் நொச்சித்தழை. இடியால் முட்டை கெடாமலிருக்க என்று இரும்புத்துண்டும் கரியும் வரமிளகாயும் போடுவார்கள். போடுங்கள், கெடுதல் இல்லை. பேன் ஏறாமல் பாருங்கள், அது அதைவிட முக்கியம். பேன் அரித்தால் கோழி அடையை விட்டு எழுந்துவிடும்.

ஏழாம் நாள் இரவில் செல்போன் டார்ச்சின் மேல் முட்டையை வைத்துப் பாருங்கள். சிலந்திக்கால் மாதிரி சிவந்த நரம்பு ஓடினால் கரு இருக்கிறது. பளிச்சென்று வெறுமையாகத் தெரிந்தால் கூமுட்டை, எடுத்துவிடலாம். 18ஆம் நாளுக்குப் பிறகு கை வைக்காதீர்கள். 21இல் பொரிக்கும்.

காக்கை, கீரியிடமிருந்து குஞ்சைக் காக்கப் பஞ்சாரம் (கவிழ்த்து மூடும் கூடை) போதும். வெள்ளைக்கழிச்சல் நோய்க்குப் போதாது, வந்தால் கூண்டே காலியாகும், குணமாக்க மருந்தில்லை. குஞ்சு பொரித்த ஐந்திலிருந்து ஏழு நாளுக்குள் லசோட்டா என்ற தடுப்பு மருந்து, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. குப்பியை ஐஸ் வைத்த டப்பாவில்தான் கொண்டுவர வேண்டும்; கலக்கிய மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். சொட்டு விட்டதும் குஞ்சைக் கீழே போடாமல், அது கண்ணை மூடித் திறந்து மருந்தை இழுக்கும்வரை பிடித்திருங்கள். நாலாவது வாரம் தண்ணீரில் கலந்து மறுபடி லசோட்டா. குளோரின் கலந்த குழாய்த்தண்ணீர் மருந்தைக் கொன்றுவிடும், கிணற்றுத் தண்ணீர் எடுங்கள். எட்டாவது வாரம் அதே நோய்க்கு இறக்கைக்கு அடியில் தடுப்பூசி, 0.5 மில்லி. அதற்கு ஒரு வாரம் முன்பே குடற்புழு மருந்து கொடுத்திருக்க வேண்டும். சோர்ந்து நிற்கும் குஞ்சுக்கு எந்தத் தடுப்பூசியும் போடாதீர்கள்.

தீனிக்குக் குருணை, உடைத்த கம்பு. காசில்லாத புரதம் கரையான்: பழைய பானையில் கிழிந்த கோணி, காய்ந்த சாணி, ஓலைத்துண்டு திணித்துத் தண்ணீர் தெளித்து, சாயங்காலம் புற்றருகே கவிழ்த்தால் விடிகாலையில் மொய்த்துக் கிடக்கும். வெயில் ஏறுமுன் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மண்ணுக்குள் இறங்கிவிடும்.

சேவல்கள் ஐந்தாறு மாதத்தில் கறிக்குத் தயார். பத்துப் பெட்டைக்கு ஒன்று போதும். அந்த ஒன்றும் அதே கூண்டில் பொரித்ததாக இருக்க வேண்டாம், பக்கத்து ஊரில் மாற்றிக்கொள்ளுங்கள். ரத்த உறவுக்குள்ளேயே சேர்ந்தால் அடுத்தடுத்த அடைகளில் பொரிப்பு குறையும்.