வசனம் நின்ற பிறகு

பாட்டு வந்தால் கூட்டம் ஆடும். வசனம் நின்று வயலின்கள் மட்டும் ஒலிக்கும் இடத்தில் அதே கூட்டம் அசையாமல் உட்கார்ந்திருக்கும். தண்டையார்பேட்டை அகஸ்தியா திரையரங்கில் இதைப் பார்த்துத்தான் பின்னணி இசையின் மீது எனக்குப் பித்துப் பிடித்தது. 2020இல் அந்த அரங்கை மூடிவிட்டார்கள்.

படத்தொகுப்பின்போது வேறு படத்தின் இசையைத் தற்காலிகமாக ஒட்டிவைக்கும் வழக்கம் உண்டு. இயக்குநரின் காது அதற்குப் பழகிவிட்டால், இசையமைப்பாளரிடமும் அதன் நகலைத்தான் கேட்பார். அந்தக் காட்சிக்கென்றே பிறந்திருக்க வேண்டிய இசை அங்கேயே செத்துவிடுகிறது. இளையராஜாவோ காட்சியைப் பார்த்ததும் நேராக இசைக்குறிப்பு எழுத உட்கார்ந்துவிடுவார். தேசிய விருதுகளில் பின்னணி இசைக்கெனத் தனி விருது 2009ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடர்ந்து வழங்கப்படுகிறது. அந்த ஆண்டின் விருது ‘பழசி ராஜா’வுக்காக அவருக்கே. எவ்வளவு தாமதம்!

எங்கள் வடசென்னையைக் காட்டும் படங்கள் பலவற்றில், காசிமேடு தெரிந்தவுடன் அடிதடி இசை தொடங்கிவிடுகிறது. இது எனக்கு வலிக்கிறது. சாவு வீட்டில் இரவெல்லாம் கானா பாடி இறந்தவரின் வாழ்க்கையைச் சொல்கிறவர்கள் நாங்கள். எங்கள் துக்கத்துக்கும் ஒரு தாளம் இருக்கிறது. சந்தோஷ் நாராயணனுக்கு அது தெரியும். 2021இல் வெளியான ‘சார்பட்டா பரம்பரை’யில் குத்துச்சண்டை வீரனின் சரிவையும் எழுச்சியையும் அவர் இசை கூடவே சுமந்து வருகிறது. படம் நேராக இணையத்தில் வெளியானதால் வீட்டில்தான் பார்த்தேன். அந்த இசையை வடசென்னையில், நிறைந்த அரங்கில், எங்கள் மக்களோடு உட்கார்ந்து கேட்க வேண்டும்.