கோட்டைப் பின்பற்றும் ரோபோவுக்குச் சிறு கியர் மோட்டார்கள்: இதுவரை செய்து பார்த்தவை

தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைப் பின்பற்றி ஓடும் இருசக்கர ரோபோ ஒன்றைச் செய்து வருகிறேன். உணரிகளையும் நிரலையும் விட அதன் இரண்டு டிசி கியர் மோட்டார்களே என் கவனத்தைப் பெரிதும் ஈர்த்தன. மோட்டாரின் விவரத்தாளில் முதலில் கண்ணில் படும் சுற்றுவேகம் சுமையில்லாதபோது கிடைப்பது. ரோபோ ஓடுவது சுமையோடு கிடைக்கும் வேகத்தில். ஆகவே மோட்டாரைச் சட்டகத்தில் பொருத்துவதற்கு முன்பே அதன் முறுக்குவிசையையும் (அச்சைத் திருப்பும் வலுவையும்) மின்னோட்டத்தையும் கணக்கிட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

முதலில் எடுத்துக்கொண்டது, மஞ்சள் பிளாஸ்டிக் உறையுடன் பரவலாகக் கிடைக்கும் 1:48 கியர் விகிதமுள்ள டிடி மோட்டார். 6 வோல்ட்டில் சுமையின்றி நிமிடத்திற்கு ஏறத்தாழ 200 சுற்றுகள் சுழல்கிறது. அதற்குரிய 65 மி.மீ. சக்கரத்தின் சுற்றளவு 204 மி.மீ. என்பதால், தாளின்படி நொடிக்கு 68 செ.மீ. வேகம் கிடைக்க வேண்டும். மின்கலங்களோடு அரைக் கிலோ எடையுள்ள ரோபோ 15 பாகைச் சரிவில் ஏற வேண்டுமானால் உராய்வு நீங்கலாகவே 1.27 நியூட்டன் விசை தேவை. சக்கரத்தின் ஆரத்தால் பெருக்கி இரண்டு மோட்டார்களுக்கும் பகிர்ந்தால், ஒவ்வொன்றும் 0.21 கிலோ-செ.மீ. முறுக்குவிசை தர வேண்டும். இவ்வகை மோட்டார் முழுவதுமாக நின்றுபோகும் முறுக்குவிசை சுமார் 0.8 கிலோ-செ.மீ. சுமை கூடக் கூட வேகம் ஏறக்குறைய நேர்கோட்டில் குறைவதால், சரிவில் வேகத்தின் நான்கில் ஒரு பங்கு போய்விடும். ஓடவிட்டுப் பார்த்தபோதும் ஏறத்தாழ இதே அளவு குறைவுதான் தெரிந்தது. எளிய கணக்கு இவ்வளவு நெருங்கி வந்தது எனக்குப் பெரும் மகிழ்ச்சி.

அடுத்துப் பார்க்க வேண்டியது நின்றநிலை மின்னோட்டம், அதாவது அச்சு சுழலாமல் நிற்கும்போது மோட்டார் இழுக்கும் மின்னோட்டம். இதற்காக மோட்டாரைப் பிடித்து நிறுத்தி வருத்த வேண்டியதில்லை; மல்டிமீட்டரால் சுருளின் மின்தடையை அளந்தாலே போதும். சுருளுக்கு மின்சாரத்தைக் கடத்தும் பிரஷ்கள் எங்கே தொடுகின்றன என்பதைப் பொறுத்து அளவீடு மாறும் என்பதால், அச்சைச் சிறிது சிறிதாகத் திருப்பி, கிடைப்பவற்றில் மிகக் குறைந்ததை எடுத்துக்கொண்டேன். அது 4 ஓம் அளவில் இருந்தது. 6 வோல்ட்டை 4 ஓமால் வகுத்தால் 1.5 ஆம்பியர், சக்கரம் சுவரில் முட்டி நிற்கும் நொடியிலும், நின்ற நிலையிலிருந்து கிளம்பும் கணத்திலும் மோட்டாருக்கு மின்சாரம் தரும் டிரைவர் சுற்று இதைத் தாங்கியாக வேண்டும்.

தொடர்ந்து 600 மில்லிஆம்பியர் மட்டுமே தரக்கூடிய எல்293டி டிரைவர் சில்லு இக்கணக்கிலேயே விலகிவிட்டது. எல்298என் மின்னோட்டத்தைத் தாங்கும். ஆனால் அதன் பைபோலார் டிரான்சிஸ்டர்கள் 1 ஆம்பியரில் ஏறக்குறைய 2 வோல்ட்டைத் தாமே விழுங்கிவிடுகின்றன. 6 வோல்ட் மின்கலத்தில் மூன்றில் ஒரு பங்கை வெப்பமாக இழப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. மாஸ்ஃபெட் என்ற வேறுவகை டிரான்சிஸ்டர்களால் அமைந்த டிபி6612எஃப்என்ஜி சில்லில் மொத்த மின்தடை அரை ஓம் அளவே என்பதால், அதே 1 ஆம்பியரில் அரை வோல்ட்தான் இழப்பு. சிறிய ரோபோ செய்பவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது இதைத்தான். பிரஷ்களில் எழும் தீப்பொறி கட்டுப்படுத்தியைக் குழப்பாமலிருக்க, ஒவ்வொரு மோட்டாரின் முனைகளுக்கிடையிலும் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் மின்தேக்கி ஒன்றைப் பற்றவைத்தேன்.

இப்போது சட்டகத்தில் இருப்பவை உலோகப் பற்சக்கரங்களும் பின்புறத்தில் அச்சின் சுழற்சியை எண்ணும் காந்தத் தட்டு என்கோடரும் கொண்ட 1:50 விகித என்20 மோட்டார்கள். ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு மோட்டார்களுக்கு ஒரே பிடபிள்யூஎம் அளவைக் (மின்சாரத்தை விட்டுவிட்டுத் தந்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் அளவைக்) கொடுத்தாலும் அவை ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. வேகத்தை அளந்து திருத்தும் பின்னூட்டம் இல்லாமல் ரோபோ நேராக ஓடாது. மோட்டார் அச்சின் ஒரு சுற்றுக்கு 12 எண்ணிக்கை என்றால், சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு 600, 42 மி.மீ. சக்கரத்தில் ஓர் எண்ணிக்கைக்கு 0.22 மி.மீ. நகர்வு. இவ்வளவு நுண்மை இருந்தும் மெதுவான ஓட்டத்தில் ஒரு சிக்கல் எழுந்தது. 10 மில்லிநொடிக்கு ஒருமுறை எண்ணிக்கையைப் படிக்கும்போது, நிமிடத்திற்கு 200 சுற்று வேகத்தில் 20 கிடைக்கிறது. 20 சுற்று வேகத்திலோ வெறும் 2. அந்த இரண்டு ஒன்றாகவோ மூன்றாகவோ மாறினால், வேகம் பாதி தவறிவிட்டதாக நிரல் கருதிச் சக்கரத்தை உதறுகிறது. எனவே குறைந்த வேகத்தில் என்கோடர் தரும் துடிப்புகளை எண்ணுவதற்குப் பதிலாக, இரண்டு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தை அளக்குமாறு நிரலை மாற்றியமைத்தேன். உதறல் அடங்கியது. வேகப் பிழைக்கேற்ற விகிதத் திருத்தத்தோடு, பிழைகளைக் கூட்டிக்கொண்டே வரும் தொகைத் திருத்தத்தையும் சேர்த்து, சக்கரம் தடைபட்டு நிற்கும்போது அந்தத் தொகை வரம்பின்றி வளராதபடி உச்ச அளவு ஒன்றையும் வைத்திருக்கிறேன்.

இன்னும் தீராதிருப்பது பற்சக்கரங்களுக்கிடையிலான தளர்வு. என்கோடர் மோட்டாரின் பக்கத்தில் இருப்பதால், திசை மாறும்போது சக்கரம் அசைவதற்கு முன்பே எண்ணிக்கை ஓடத் தொடங்கிவிடுகிறது. மோட்டாரை மிக மெதுவாகத் திருப்பி, சக்கரம் அசையத் தொடங்கும்வரை வீணாகும் எண்ணிக்கையை இரு பக்கத்திற்கும் தனித்தனியே அளந்து, திசைமாற்றத்தின்போது அதைக் கழிக்கும் பகுதியை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.